ஜன்னலோரக் கட்டிலில் கேட்ட கேள்வி

அந்த மழைக் கதை எனக்கு மனப்பாடம். மறைக்கல்வி வகுப்பில் நான் அதைச் சொல்லத் தொடங்கினால் ஒரு பிள்ளையும் அசையாது. 1696இல் கண்டியில் கடும் வரட்சி. யோசப் வாஸ் அடிகளார் வெட்டவெளியில் பீடம் அமைத்து, சிலுவை நாட்டி, முழந்தாளிட்டுச் செபித்தார். மழை கொட்டியது. அவரும் பீடமும் மட்டும் நனையவில்லை என்று சொல்வார்கள். அந்த 'நனையவில்லை' வரும் இடத்தில் குரலைக் கொஞ்சம் இறக்கணும். எங்கே இறக்கணும், எங்கே நிறுத்தணும் எல்லாம் எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னா, அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அந்தப் பெருமையோடுதான் ஒரு தவக்காலத்தில், எங்கள் பங்கிலிருந்து நோயாளரைப் பார்க்கப் போகும் குழுவில் சேர்ந்தேன். சனிக்கிழமைகளில் கண்டி பெரியாஸ்பத்திரி. இரண்டு இரண்டு பேராகப் போகணும். எனக்குத் துணையாகக் கிடைத்தது கட்டுகஸ்தோட்டையில் தையல் வேலை செய்யும் ஒரு அக்கா. ஐம்பது வயசு தாண்டியிருக்கும். செபம் சொல்லச் சொன்னால் பரலோக மந்திரத்தோடு நிறுத்திவிடுவார். அவருடைய பையில் நகவெட்டி, சவர்க்காரம், பழைய துவாய், ஒரு போத்தல் சுடுதண்ணி. என் பையில் பைபிளும், வசனங்கள் குறித்த கொப்பியும். பேச்சை நான் பார்த்துக்கொள்வேன், மற்றதை அக்கா பார்க்கட்டும் என்று மனசுக்குள் வேலையைப் பிரித்துவிட்டேன்.

நாலாவது கிழமை, ஜன்னலோரக் கட்டிலில் கலஹாப் பக்கத் தோட்டத்து ஐயா ஒருவர். நெற்றியில் திருநீறு. சீனி வருத்தம், வலது காலில் ஆறாத புண். எங்களோடு பேச அவருக்கு விருப்பமாகத்தான் இருந்தது, ஏனென்றால் அந்த வாட்டில் டொக்டர் சொன்னதைத் தமிழில் சொல்ல அன்றைக்கு ஆள் இல்லை. நான் கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு மழைக் கதையைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரரும் திரும்பிப் படுத்துக் கேட்டார்.

முடிந்ததும் ஐயா கேட்டார்: "தம்பி, திங்கக்கிழமை என் காலை எடுக்கப் போறாங்களாம். ஒங்க சாமிகிட்ட நீங்க கேட்டா எடுக்காம விடுவாங்களா?"

கொப்பியில் இதற்குப் பதில் இல்லை. 'ஆம்' என்றால் பொய்யாகிவிடலாம். 'இல்லை' என்றால் இவ்வளவு நேரம் எதற்காக அந்தக் கதை? நான் ஏதோ கடவுளின் சித்தம் என்று தொடங்கினேன், பாதியில் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அக்கா அப்போது அவருடைய கைநகங்களை வெட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "கேக்கலாம்தானேங்க ஐயா. அவர் என்ன செய்வாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? திங்கக்கிழமை காலையில நான் வாறேன்" என்றார். மற்றக் கையை நீட்டச் சொன்னார். ஐயா நீட்டினார்.

திங்கட்கிழமை அக்கா முதல் பஸ்ஸில் போனார். தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும் வழியில் நின்று அவருடைய கையைப் பிடித்திருக்கிறார். எனக்கு அன்று விரிவுரை இருந்தது. அது இல்லாவிட்டாலும் போயிருப்பேனா தெரியாது. காலை எடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் யோசப் வாஸ் அடிகளாரைப் பற்றி ஒழுங்காகத் தேடி வாசித்தேன். மழைக்கு முன்னாலும் பின்னாலும் என்ன நடந்தது என்று நான் அதுவரை கவனித்ததே இல்லை. கோவாவில் ஒரேற்றோரியன் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் அவர், திறமை இல்லாதவர் அல்ல. ஆனால் 1687இல் இலங்கைக்கு வந்தது கூலியாள் வேடத்தில். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை. யாழ்ப்பாணத்துக்கு வந்தவுடன் வயிற்றோட்டத்தில் விழுந்து மற்றவர்கள் பார்த்துப் பிழைத்தவர். 1692இல் கண்டிக்கு வந்தபோது போர்த்துக்கேய ஒற்றன் என்று சந்தேகித்துக் காவலில் போட்டார்கள். காவலில் இருந்துகொண்டே சிங்களம் படித்தார். ஆண்டவரை நம்புகிறோம் என்று ஆயத்தம் இல்லாமல் மேடை ஏறும் நம்மில் சிலர் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம், அது வேற கதை.

1697இல் நகரத்தில் பெரியம்மை. அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் நகரை விட்டுப் போய்விட்டான். சொந்தக்காரர்களே நோயாளிகளைக் கைவிட்டார்கள். அடிகளாரும் அவருடைய உறவினரான கார்வாலோ அடிகளாரும் அவர்களைத் தேடிப் போய், மதம் பார்க்காமல் கழுவி, உணவு கொடுத்து, இறந்தவர்களைப் புதைத்தார்கள். அங்கே மழையைப் போல ஒரு அற்புதம் நடந்து எல்லாரும் எழும்பிவிடவில்லை. செபித்த கைகளுக்குள்ளேயே ஆட்கள் செத்தார்கள். அடுத்த நாளும் போனார்கள். 1711 ஜனவரி 16இல் அவர் இதே கண்டியில் இறந்தார். 2015இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். ஆனால் அவருடைய கல்லறை எந்த இடத்தில் என்று இன்று ஒருவராலும் காட்ட முடியாது.

மழைக் கதை பொய் என்று நான் சொல்லவில்லை. நான் அதைச் சொன்ன விதத்தில், கடவுளைவிட என் குரலைத்தான் நம்பியிருந்தேன். அவர் ஒன்றும் செய்யாமல் விட்டால் எனக்கு அவமானம் என்ற பயமும் கூடவே இருந்தது. அக்காவுக்கு அந்தப் பயம் இல்லை. விளைவை அவர் தன் தலையில் தூக்கிக்கொள்ளவே இல்லை, அதனால்தான் வெறும் நகவெட்டியோடு அந்தக் கட்டிலருகே உட்கார முடிந்தது.

அடுத்த சனிக்கிழமை போக எனக்கு வெட்கமாக இருந்தது. போனேன். ஐயா கோபிக்கவில்லை, மழையைப் பற்றியும் கேட்கவில்லை. இல்லாத கால் இராத்திரியில் அரிக்கிறது என்றார். அதை மிஸ்ஸிடம் சிங்களத்தில் சொன்னேன். மூன்று கிழமைகளில் துண்டு வெட்டினார்கள். புண்ணுக்கு மருந்து கட்டுவது எப்படி, என்ன சாப்பிடக் கூடாது எல்லாவற்றையும் மிஸ் சொல்லச் சொல்ல நான் ஐயாவின் மகளுக்குத் தமிழில் சொன்னேன். அக்கா துவாயை மடித்து அவர்களுடைய பைக்குள்ளேயே வைத்துவிட்டார்.

"தம்பி, கிளினிக் என்ன கெழமைன்னு இன்னொருக்கா சொல்லுங்க," என்றார் ஐயா.

"புதன்கிழமை, ஐயா."

வசனம் குறித்த கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.