அம்மா வீடும் அக்கம்பக்கமும்

சில மாதங்களாக இப்பக்கம் வெறுமையாகக் கிடந்ததற்குக் காரணம் கேட்ட நண்பர்களுக்கு ஒரே விடைதான்: வீடு விற்றுக்கொண்டிருந்தோம். விலை பேச வாங்குபவர் ஒருவர் வந்தால், குறுக்கே பேச ஒரு தெருவே கூடிவிடும் என்பதைப் பெற்றோர் விட்டுச்சென்ற வீட்டை விற்க முனைந்த எவரும் அறிவர். எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் மாமியார் வீட்டு விற்பனையில் இப்பொழுது இதே சிக்கலில் இருக்கிறார். அவருக்குச் சொன்னவற்றையே இங்கும் எழுதுகிறேன்.

சுங்கைப் பட்டாணியில் ஒரு தாமானின் கோடி வீடு அது. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அப்பா, 1986ஆம் ஆண்டு 25,000 ரிங்கிட்டுக்கு வாங்கிய மலிவு விலை வீடு. 2009இல் அப்பாவும் 2022இல் அம்மாவும் காலமாயினர். இருவரும் உயில் எழுதவில்லை. அக்காவின் மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். தம்பி இன்னும் வாடகை வீட்டில் இருக்கிறான். வீட்டைப் பூட்டி வைத்து அழகு பார்க்கும் நிலையில் நாங்கள் மூவரும் இல்லை.

முதல் குறுக்கீடு தம்பியின் காதில் தொடங்கியது. "பொம்பளப் புள்ளைங்களுக்கு ஏதுப்பா பங்கு? கட்டிக்கொடுத்தாச்சு. நீ ஒருத்தன் கையெழுத்துப் போட்டா போதும்," என்று பக்கத்து வீட்டு மாமா அவனிடம் கூறியிருக்கிறார். தம்பி நல்லவன்தான். ஆயினும் இரண்டு வாரம் அவன் எங்கள் அழைப்பை எடுக்கவில்லை. வீடு விலைபோகாவிட்டால் போகட்டும், உடன்பிறப்பு போய்விடுமோ என்ற அச்சத்தில் அந்த இரண்டு வாரமும் எனக்கு உறக்கமில்லை.

வாய்ப்பேச்சை வாய்ப்பேச்சால் வெல்ல இயலாது என்று அக்கா சொன்னார். மூவரும் ஒன்றாக நில அலுவலகத்துக்குச் சென்று சிறு சொத்துப் பங்கீட்டுக்கு மனுச் செய்தோம். உயிலின்றி இறந்த முஸ்லிம் அல்லாதோரின் சொத்தை 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி பிரிக்கிறார்கள். தாத்தாவும் பாட்டியும் முன்பே மறைந்துவிட்டதால், அப்பாவின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்கு, எஞ்சியது பிள்ளைகளுக்குச் சமமாக. அம்மாவின் பங்கும் பின்னர் எங்களுக்கே சமமாக வந்தது. மகன், மகள் என்ற வேறுபாடு அச்சட்டத்தில் கிடையாது. விசாரணை நாளில் அதிகாரி இதை விளக்கியபோது தம்பி தலையைக் குனிந்துகொண்டான். வெளியே வந்ததும் மூவரும் ஒரே மேசையில் தோசை சாப்பிட்டோம். அதைப்பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.

பங்கீட்டு ஆணை பதிவாகிக் கிராண்டில் எங்கள் பெயர் ஏறும்வரை விளம்பரப் பலகை மாட்ட வேண்டாம் என்று முடிவு செய்தோம். "செத்தவர் பெயரில் இருக்கும் வீடு, வாங்கினால் கோர்ட்டுக்கு அலைய வேண்டும்" என்று ஒரு வாக்கியம் போதும், வந்தவர் அப்படியே திரும்பிவிடுவார். மலிவு விலை வீடுகளில் இன்னொன்றும் உண்டு. விற்க மாநில அரசின் ஒப்புதல் வேண்டும் என்று கிராண்டிலேயே நிபந்தனை இருக்கக்கூடும். எங்கள் கிராண்டில் இருந்தது. அதற்கும் முன்கூட்டியே வழக்கறிஞரைப் பார்த்தோம்.

பலகை மாட்டிய பிறகு எதிர்வீட்டு அத்தை தொடங்கினார். வீடு பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மழைக்குத் தண்ணீர் ஏறும், வீட்டில் இரண்டு சாவு விழுந்திருக்கிறது என்றார். தண்ணீர் ஏறியதே இல்லை. சாவு விழாத வீடு எது? எனக்குக் கோபம்தான். எனினும் அப்பா மயங்கி விழுந்த அன்று முதலில் ஓடி வந்தவர் இந்த அத்தை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பலகாரத்தோடு அவர் வீட்டுக்குச் சென்று அமர்ந்தேன். அரைமணி நேரம் சுற்றி வளைத்த பின் உண்மை வந்தது. அடுத்த வரிசையில் ஒரு வீட்டை யாரோ வாங்கி, பதினைந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தனர். நம் வீடும் அப்படிப் போய்விடும் என்று தனியாக வாழும் அந்த மூதாட்டி அஞ்சினார். குடியிருக்க வரும் குடும்பத்துக்கே முதலில் பேசுவோம் என்றேன். அத்தையின் வாய் அன்றோடு அடங்கியது. பின்னர் அவரே சாவியை வைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு வீட்டைத் திறந்து காட்டினார்.

பக்கத்து வீட்டு மாமா அப்படியல்லர். கோடி வீடாதலால் பக்கவாட்டில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அப்பாவின் அனுமதியோடு அவர் அங்கே தம் வேனை நிறுத்தி வந்தார். இருபது ஆண்டுகள் நிறுத்தியதால் அது தமக்கே உரியது என்றும், நில அலுவலகத்தில் கேவியட் போட்டு விற்பனையைத் தடுப்பேன் என்றும் இப்பொழுது வாதிட்டார். இதைக் கேட்டு ஒரு தம்பதியர் முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர்.

எங்கள் வழக்கறிஞர் அமைதியாகச் சிரித்தார். பிறர் நிலத்தை எத்தனை ஆண்டு பயன்படுத்தினாலும், உரிமையாளர் அதை மீட்பதற்கு அந்தக் காலக்கணக்கு தடையாகாது. தேசிய நிலச் சட்டத்தின் 341ஆம் பிரிவு அவ்வாறு கூறுகிறது. தனியார் கேவியட்டை நிலத்தில் உரிமையோ நலனோ கோருபவர்தாம் போட முடியும். தகுந்த காரணமின்றிப் போட்டு இழப்பு ஏற்படுத்தினால், போட்டவரே இழப்பீடு தர நேரிடும். இவற்றைப் பணிவான ஒரு பக்கக் கடிதமாக மாமாவுக்கு அனுப்பினோம். உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லைக் கற்களையும் கண்டுபிடித்துச் சிவப்புச் சாயம் பூசினோம். செலவுதான், ஆனால் வாங்க வருபவர் கண்ணால் காணும் சான்று வேறில்லை.

கேவியட் வரவில்லை. மூன்றாம் வாரம் வேன் சாலையோரத்துக்கு நகர்ந்தது. அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்; அம்மாவின் கருமக்கிரியைக்குப் பந்தல் போட்ட மனிதர் அவர் என்பது இன்றும் உறுத்துகிறது. ஆனால் அக்காவின் பங்கை விட்டுக்கொடுத்து அவர் நட்பைக் காக்க நான் ஒப்பமாட்டேன்.

வீட்டை இளம் தாதியும் அவர் கணவரும் வாங்கினர். சாவி கொடுத்த மறுவாரமே மாமா அவர்களிடம் வேன் நிறுத்த இடம் கேட்டாராம். யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம்.