அனகாபுத்தூர் கட்டம்

பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் போகும் சாலையில் பம்மலைத் தாண்டினால் அனகாபுத்தூர். 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்த ஊர். நைஜீரியாவின் பண்பாட்டைப் பார்க்கக் கிளம்புகிறவர்களை ஓஸுன் புனித வனத்துக்கும் சுக்கூர் மலைக்கும் அனுப்புவார்கள். அந்த நாட்டிலிருந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியவை அவை இரண்டுதான். எந்தப் பட்டியலிலும் ஏறாத இன்னொரு சங்கதி இந்த ஊர்த் தறிகளில் இருந்தது.

நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் புகுமா, அபோனெமா பக்கம் வாழும் கலபாரி மக்கள் நம் மெட்ராஸ் கட்டம் போட்ட பருத்தித் துணியை 'இஞ்சிரி' என்பார்கள். பெண்கள் அதை இடுப்பில் சுற்றுவார்கள், பெட்டியில் பூட்டிப் பேத்திகளுக்கு விட்டுப்போவார்கள். பெரியவர் ஒருவர் இறந்தால் அவரைக் கிடத்தும் அறையையும் கட்டிலையும் குடும்பத்தின் பழந்துணிகளால் அலங்கரிப்பார்கள். அங்கே இஞ்சிரிக்கும் இடம் உண்டு.

அதோடு விடவில்லை. ஊசியால் இழையைத் தூக்கி, பிளேடால் அறுத்து, உருவி எடுத்துவிடுவார்கள். உருவிய இடம் சல்லடையாகத் திறக்க, நம் கட்டத்துக்குள்ளிருந்து அவர்களுடைய கோலம் வெளியே வரும். 'பெலெட்டே பிட்டே' என்று பெயர். ஜோன் ஐக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். 1982இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே கண்காட்சி நடந்தது. அதில் அறுக்கிறவளின் கலை பேசப்பட்ட அளவுக்கு, நெய்தவனின் ஊர் பேசப்பட்டிருக்குமா என்பது என் சந்தேகம்.

"அப்பல்லாம் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம்தான் தம்பி" என்றார் அனகாபுத்தூரில் ஒரு திண்ணையில் இருந்த பெரியவர். இந்தக் கட்டத் துணிதான் 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்சீஃப்' என்று ஏற்றுமதிக்காரர்கள் வாங்கிப்போனது. பெயர்தான் கைக்குட்டை, ஒவ்வொரு சதுரமும் ஒரு கெஜம். 1970களில் நைஜீரியா துணி இறக்குமதிக்குத் தடை போட, சந்தை படுத்தது. "அவன் நிறுத்தினான், இங்க தறி நின்னுச்சு." அவ்வளவுதான் அவர் சொன்ன வரலாறு.

நின்றுபோகாத சில தறிகளில் இன்று வாழைநார் ஓடுகிறது. சணல், கற்றாழை, அன்னாசி என்று நார்கள் சேர்ந்து, 25 வகை நாரில் நெய்த சேலை லிம்கா சாதனைப் புத்தகம்வரை போனது. ஆனால் பெருமையைவிட அதன் வேலைதான் பார்க்க வேண்டியது. மரத்தின் நீளம்தான் நாரின் நீளம். ஆகவே ஒரு நார் முடிகிற இடத்தில் அடுத்ததை முடிச்சுப் போட வேண்டும். தார் சுற்றிக்கொண்டிருந்த அம்மா இரண்டு நுனிகளையும் விரலில் சுற்றி, இழுத்து, மிச்சத்தைக் கத்தரித்தார். முடிச்சு புடைத்திருந்தால் நாடாவின் துளையில் மாட்டி இழை அறுந்துவிடுமாம். பாவு பருத்தி, ஊடையில்தான் நார். ஒரு சேலைக்கு இப்படி எத்தனை முடிச்சு என்று கேட்டேன். "எண்ணினா வேலை நடக்காதுப்பா" என்றார்.

இந்த உழைப்புக்குச் 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று சீட்டு ஒட்டி விற்கிறோம். முடிச்சைப் பற்றி அந்தச் சீட்டில் ஒரு வரி எழுதலாம்.

அந்த அம்மாவிடம் கைப்பேசியில் பெலெட்டே பிட்டே படத்தைக் காட்டினேன். விரல்களால் பெரிதாக்கி, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"நம்ம துணிய எதுக்குக் கிழிச்சு வெச்சிருக்காங்க?"

கிழிக்கவில்லை, இழை உருவுவதுதான் அங்கே கைவேலை, உருவினால்தான் துணிக்கு மதிப்புக் கூடும் என்றேன். நம்பினாரோ என்னவோ. மறுபடி பெரிதாக்கினார்.

"பாவையும் அறுத்திருக்காங்க, ஊடையையும் அறுத்திருக்காங்க. அப்பவும் துணி நிக்குது பாரு. நெசவு கெட்டியா இருந்திருக்கணும்." பக்கத்துத் தறியில் இருந்தவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு என்னிடம் திரும்பினார். "இத அறுக்க என்ன கூலி குடுப்பாங்க?"