குறிஞ்சியிற் கிறிஸ்து ஜயந்தி

தமிழ் நூலோர் நிலத்தை ஐந்திணையாக வகுத்து, மலைசார்ந்த குறிஞ்சிக்குப் புணர்தலையும் வறண்ட பாலைக்குப் பிரிதலையும் உரிப்பொருளாக அமைத்தனர். ஆயின், நிலம் குறிஞ்சியாகவும் அதில் வாழ்வோர் நெஞ்சம் பாலையாகவும் இருந்த காலமும் ஒன்றுண்டு. பழனி மலைத் தொடரில் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூக்கும் கொடைக்கானலிற் குடியேறிய மிஷனரிக் குடும்பங்களையே யான் இங்குக் கருதுகின்றேன். தாய்நாட்டுக்குப் பல்லாயிரம் மைல் அப்பால் அவர்கட்குக் கிறிஸ்து ஜயந்தி எத்தகைய நாளாக இருந்ததென எண்ணிப் பார்ப்பது நமக்கும் பயன் தருவதாகும்.

யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனின் கிளையாக மதுரை மிஷன் 1834ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. வந்தோரைச் சமவெளியின் வெப்பமும், வாந்திபேதியும், காய்ச்சலும் வாட்டின. ஊழியர் சிலரும் குழந்தைகள் பலரும் மடிந்தனர். உயிர் பிழைக்கும் வழி தேடிய அவர்கள் 1845ஆம் ஆண்டிற் கொடைக்கானலில் இரண்டு வீடுகளைக் கட்டினர். இன்று உல்லாசப் பிரயாணிகள் திரளும் அவ்வூரின் தொடக்கம், பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரின் துயரமே என்பதைப் பலரும் அறியார்.

பிள்ளைகள் பிழைத்த பின்னும் பிரிவு ஓயவில்லை. கல்வியின் பொருட்டு அவர்களை இளம்பிராயத்திலேயே அமெரிக்காவுக்குக் கப்பலேற்றிய குடும்பங்கள் பல. மீண்டும் ஒருவரையொருவர் காணுமுன் ஆண்டுகள் பல கழியும்; சிறுவனாய்ச் சென்றவன் வாலிபனாய் எதிர்ப்படுவான். இத்துயரைக் குறைக்கும் பொருட்டு, 1901ஆம் ஆண்டில் மிஷனரிப் பிள்ளைகளுக்கென ஒரு வித்தியாசாலை கொடைக்கானலில் நிறுவப்பெற்றது. மார்கரட் எடி அம்மையார் அதன் முதல் தலைவியாக விளங்கினார். கடலளவாயிருந்த பிரிவு அதனால் மலையளவாகக் குறைந்தது; ஆயினும் முற்றும் அற்றுப்போகவில்லை. பெற்றோர் மதுரையிலும் ஆர்க்காட்டிலும் ஊழியம் புரிய, பிள்ளைகள் மலைமேல் விடுதியிற் பயின்றனர். கோடையிற் பெற்றோர் மலையேறுவர். அக்காலத்து மலைப் பள்ளிகளின் வழக்கப்படி குளிர்கால விடுமுறையிற் பிள்ளைகள் மலையிறங்குவர். மலையிற் பிரிவும் சமவெளியிற் கூட்டமுமாக அங்கே திணை மயங்கிற்று. ஆதலின் கிறிஸ்து ஜயந்தி, அக்குடும்பங்களுக்குப் பாலை முடிந்து குறிஞ்சி தொடங்கும் நாளாயிற்று.

இங்கு வியக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. மதுரை மிஷனைத் தொடங்கியோர் நியூ இங்கிலாந்தின் பியூரிட்டன் மரபில் வந்த சபையினர். அம்மரபின் முன்னோர் கிறிஸ்து பிறப்பு விழாவை வேதம் விதியாத ஒன்றெனத் தள்ளினர். மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை அதனைக் கொண்டாடுவோர்க்கு ஐந்து ஷில்லிங் அபராதம் இருந்தது. அந்நாள் அங்குச் சட்டப்படி விடுமுறையானது 1856ஆம் ஆண்டிலேதான். அஃதாவது, கொடைக்கானலில் முதல் வீடுகள் எழுந்தபொழுது, மாசசூசெட்ஸில் அஃதொரு விடுமுறை நாளாகவும் இல்லை. தஞ்சையிலோ, 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனின் வழியிலே, வேதநாயகம் சாஸ்திரியார் அதற்குப் பன்னாள் முன்னரே கிறிஸ்துவைத் தமிழ்க் கீர்த்தனைகளாற் பாடிக்கொண்டிருந்தார். ஆகவே, இவ்விழாவை மேனாட்டார் முழுதாகக் கொணர்ந்து நம் கையில் தந்தனர் என்பது பொருந்தாது. கூடுதற்கு ஒரு நாள் வேண்டும் என்று பிரிந்தோர் உள்ளம் கொண்ட ஏக்கமே அதனை வளர்த்தது என்பது என் கருத்து.

அவ்வேக்கம் மேனாட்டார்க்கு மட்டும் உரியதோ? என் பாட்டியின் தாயார், ஆண்டு முழுதும் மலையிலேயே தங்கிய ஒரு மிஷனரி இல்லத்தில் ஆயாவாக இருந்தவர். பண்டிகை நாளில் அவ்வீட்டுப் பிள்ளைகளை நீராட்டி, உடுத்தி, மடியிலிருத்தி ஊட்டியவர் அவரே. அவருடைய சொந்த மகளோ பெரியகுளத்தில் தன் பாட்டியுடன் இருந்தாள். வீட்டார் நல்லவர்; சேலையும் கேக்கும் கொடுத்து, புது வருஷத்துக்கு முந்தின நாள் அவரை ஊருக்கு அனுப்புவர். அதனால் எங்கள் குடும்பத்தில் கிறிஸ்து ஜயந்தி விருந்து இன்றளவும் ஜனவரி முதல் நாளிலேயே நடைபெறுகின்றது. “எங்க வீட்டுல இயேசு சாமி ஒரு வாரம் கழிச்சுத்தான் பொறப்பாரு” என்று பாட்டி நகைத்துக்கொண்டே கூறுவார். பிள்ளையைப் பிரிந்த துயரை நன்கறிந்தவர் வீட்டிலேயே, தன் பிள்ளையைப் பிரிந்த ஒருத்தி உழைத்தாள். அவர்கள் அதனை உணர்ந்தனரோ, யானறியேன். ஒரே கூரையின்கீழ் இரண்டு பாலைகள் இருந்தன. அவற்றுள் ஒன்றுக்கே அந்நாளில் விழா எடுக்கப்பெற்றது.

அவ்வித்தியாசாலை இன்று பல நாட்டுப் பிள்ளைகளும் நம் நாட்டுப் பிள்ளைகளும் கலந்து பயிலும் சர்வதேசப் பள்ளியாக நிலவுகின்றது. கடல் கடந்து வாழும் முறை இப்பொழுது நம்மவர்க்கு வந்துள்ளது. வளைகுடா நாடுகளிற் பணிபுரியும் தமிழ்க் கிறிஸ்தவர் பலர்க்கு டிசம்பர் 25ஆம் நாள் வேலைநாளாகவே கழிகின்றது. அவர்கள் மாலையில் ஓர் அறையிற் கூடி, கைப்பேசியில் ஊரிலுள்ள பிள்ளைகளின் முகம் காண்கின்றனர்.

அன்புள்ள நண்பர்காள், பாலையைத் தேடிக் கடல் கடக்க வேண்டுவதில்லை. மணிப்பூரிலிருந்தும் நாகாலாந்திலிருந்தும் வந்து நம்முடன் பயிலுவோருட் சிலர், வழிச்செலவு மிகுதியால் விடுமுறையிலும் விடுதியிலேயே தங்குகின்றனர். அவர்களுள் ஒருவரையேனும் நம் இல்லத்து விருந்துக்கு அழைத்துச் செல்வோமாக. அவ்வாறு அழைக்குங்கால், அவர்களுக்காக விடுதிச் சமையற்கட்டில் அடுப்பு மூட்டுவோர்க்கும் பிள்ளைகள் உண்டென்பதை மறவாதிருப்போமாக. முறைவைத்து அந்நாளில் நாமே சமைத்துக்கொண்டால், அவர்கள் வீட்டில் இயேசு ஒரு வாரம் காத்திருக்க வேண்டுவதில்லை.