மணி தேறிய வரலாறு

நாயை இழித்துரைப்பதும் நம் வழக்கு; அதனைப் புகழ்ந்துரைப்பதும் நம் வழக்கு. சினம் மிக்கவிடத்து ஒருவனை நாயென்று வைகின்றோம். நன்றியைப் பேச வந்தவிடத்து நாயையே முதலில் நினைக்கின்றோம். நாலடியார் பாடிய சமண முனிவருள் ஒருவர், யானை போன்றாரது நட்பை விடுத்து நாய் போன்றாரது நட்பைக் கொள்ளுமாறு கூறினார். யானை பலநாள் பழகிய பாகனையே கொன்றுவிடும். நாயோ, வளர்த்தவன் எறிந்த வேல் உடம்பில் தைத்து நிற்கும்போதும் வாலைக் குழைக்கும் என்பது அவர் காட்டிய காரணம். நட்பின் பெருமைக்கு இஃது ஏற்ற சான்றேயாம். ஆயின், நாய்க்கு மருத்துவம் செய்ய முற்படுவோர் இதனை வேறொரு நோக்கிலும் எண்ணுதல் வேண்டும். வேல் தைத்த நிலையிலும் வாலாட்டும் உயிரின் நோவை, அதன் வாலைக்கொண்டு அளந்தறிதல் இயலாதன்றோ? கும்பகோணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழும் ஒரு குடும்பத்தார் இவ்வுண்மையை ஒரு மாலைப்பொழுதில் உணர்ந்தனர்.

அவர்கள் வீட்டில் மணி என்னும் சிறுநாய் ஒன்று வளர்ந்துவந்தது. வெண்மயிர் அடர்ந்த அதன் உடல் பார்வைக்குப் பருத்துத் தோன்றினும், எடை 6 கிலோவுக்கு மேற்படாது. அவ்வீட்டின் 12 வயதுச் சிறுவன் அதற்கு உற்ற தோழன். பள்ளியினின்று மீண்டதும் அதனை அழைத்துக்கொண்டு நெல் ஆலைத் தெருவழியே ஆற்றங்கரை வரை சென்று வருவான். கழுத்துப்பட்டையில் கயிறு பூட்டியே அழைத்துச் செல்லவேண்டும் என்பது வீட்டாரின் கட்டளை. ஒருநாள், தெருவில் எவரும் இல்லாமை கண்டு, சிறுவன் கயிற்றை அவிழ்த்துவிட்டான். ஆலையின் இரும்புக்கதவு ஒருபுறம் திறந்திருந்ததை அவன் நோக்கவில்லை.

ஆலையைக் காக்கும் பெருநாய் மணியைப்போல் ஐந்து மடங்கு எடையுள்ளது. அது பாய்ந்து வந்து மணியின் பிடரியைக் கவ்வித் தூக்கி இருபுறமும் உதறியது. சிறுவன் அலறிக்கொண்டு கைகளை நீட்டியவாறு ஓடினான். மூட்டை சுமக்கும் தொழிலாளர் ஒருவர் அவனைப் பின்னே தள்ளிவிட்டு, தொட்டியிலிருந்த நீரை வாளியால் முகந்து பெருநாயின் முகத்தில் வீசினார். பிடி நெகிழ்ந்தது. சண்டையிடும் நாய்களுக்கிடையே கைநீட்டுவோர் தாமே கடியுண்பர் என்பதை அறிந்தவர் அவர். ஆயினும், கீழே விழுந்த மணியைச் சிறுவன் வாரி எடுத்தபோது, அதுவே அவன் விரலைக் கடித்துவிட்டது. நோவின் மிகுதியில் உற்றாரென்றும் பிறரென்றும் அதற்குத் தோன்றவில்லை.

வீட்டுத் திண்ணையில் இறக்கியதும் மணி நான்கு கால்களையும் ஊன்றி நின்றது. சிறுவனை நோக்கி வாலையும் மெல்ல ஆட்டியது. பிடரியில் பல் பதிந்த துளைகள் இரண்டே தென்பட்டன. குருதியும் மிகுதியாக வரவில்லை. கூடியிருந்தோர் மனம் ஆறினர். "பொத்தல் சிறியதுதான், மஞ்சளை அப்பினால் இரண்டு நாளில் ஆறிவிடும்" என்றார் ஒருவர். காப்பிப்பொடி கொண்டுவர ஓர் அம்மாள் உள்ளே விரைந்தார். சுண்ணாம்பே நல்லது என்றார் மற்றொருவர். நம் ஊர்களில் காயத்துக்கு மருந்து சொல்வதற்கு எவரும் தயங்குவதில்லை.

சிறுவனின் பாட்டி மட்டும் ஒன்றும் பேசாமல் அருகில் அமர்ந்தார். அவர் 50 ஆண்டுகளாக ஆடுமாடுகளோடு பழகியவர். மணியின் மேலுதட்டை விரலால் உயர்த்திப் பார்த்தார். இளஞ்சிவப்பாக இருக்கவேண்டிய ஈறு வெளிறியிருந்தது. அதனை விரலால் அழுத்தி எடுத்தார். இரண்டு நொடிக்குள் மீளவேண்டிய நிறம் மீளவில்லை.

"கண்ணா, வாலைப் பார்க்காதே, ஈறைப் பார். உள்ளே என்னவோ ஆகியிருக்கிறது. யாரும் எதையும் பூசவேண்டாம். சாப்பிடவும் எதுவும் கொடுக்காதே. அந்தப் பலகையை எடுத்து வா" என்றார்.

பலகையின்மேல் துணி விரித்து, மணியை அதன்மேல் அசையாமல் கிடத்தி, உடற்சூடு குறையாதபடி போர்வையால் மூடி, ஆட்டோவில் ஏற்றி அரசு கால்நடை மருத்துவமனைக்குப் பாட்டியும் சிறுவனின் தந்தையும் கொண்டுசென்றனர். சிறுவனும் உடன் செல்லத் துடித்தான். தாய் அவனை விடவில்லை. குழாயடிக்கு இழுத்துச் சென்று, விரற்காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று ஊசி போடச் செய்தார். மணிக்கு முன்னரே தடுப்பூசி போடப்பட்டிருந்தது. எனினும் பெருநாயின் எச்சில் மணியின் மயிரில் படிந்திருந்ததன்றோ? வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றியபின் உயிர்பிழைத்தல் அரிதினும் அரிது. அது தோன்றாமல் தடுக்கும் வழியைப் பிரெஞ்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர், கடியுண்ட ஒரு சிறுவனுக்கு 1885-ஆம் ஆண்டில் ஊசி போடச் செய்து காட்டினார். அவர் பெயரால் நம் குன்னூரில் 1907-ஆம் ஆண்டில் தொடங்கிய நிலையம் இம்மருந்துக்காகவே புகழ்பெற்றது. இவ்வளவு இருந்தும், கழுவாமலும் ஊசி போடாமலும் இருந்து உயிர்துறப்போர் இன்றும் உளர் என்பது வருந்தத்தக்கது.

கால்நடை மருத்துவர் அம்மையார் மணியின் பிடரி மயிரை மழித்தார். இரண்டென எண்ணிய துளைகள் ஐந்தாயின. மழுங்கிய கருவியொன்றை ஒரு துளையினுள் மெல்லச் செலுத்தினார். அது தோலுக்கடியில் நெடுந்தொலைவு சென்றது. பெருநாய் கவ்வி உதறும்போது மேல்தோல் நெகிழ்ந்து இடங்கொடுத்துவிடுகிறது. அதனடியிலுள்ள தசையோ பல்லின் பிடியிலே அகப்பட்டுக் கிழிகிறது. ஆகவே வெளியே மிளகளவு தோன்றும் புண், உள்ளே உள்ளங்கையளவு பரந்து கிடத்தல் கூடும். சிறிய நாய்க்கு விலா எலும்பு முறிதலும், நுரையீரல் கன்றிப்போதலும் உண்டு. எக்ஸ்ரே படத்தில் மணிக்கு ஒரு விலா எலும்பில் கீறல் காணப்பட்டது, நுரையீரல் தப்பியிருந்தது.

முதலில் நரம்பின் வழியே நீர் ஏற்றி அதன் தளர்ச்சியைத் தீர்த்தனர். பின்னரே மயக்கம் கொடுத்து, துளையை அகலப்படுத்தி, உப்புநீரால் பன்முறை அலசினர். கடித்த வாயின் நுண்கிருமிகள் உள்ளே தங்கிவிடுதலால், இத்தகைய புண்ணை முற்றும் தைத்து மூடுதல் தீது. கெட்டநீர் வடிதற்பொருட்டு மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்றை உள்ளே வைத்து, ஒரு பகுதியை மட்டும் தைத்தனர். தடுப்பூசியும் மீண்டும் போடப்பட்டது. "வலிக்கு நான் கொடுக்கும் மருந்து தவிர வேறு எதுவும் வேண்டாம், நீங்கள் போட்டுக்கொள்ளும் மாத்திரை சிறுநாயின் உயிருக்கே உலை வைக்கும்" என்று அம்மையார் பாட்டியிடம் சொல்லியனுப்பினார்.

மூன்றாம் நாள் காலை, புண்ணைச் சுற்றிய தோல் கறுத்திருக்கக் கண்டு சிறுவன் அழுதான். நசுங்கிய தோல் இறந்துபடுதற்கு இரண்டு மூன்று நாளாகும் என்பதை மருத்துவர் முன்னரே பாட்டிக்கு உரைத்திருந்தார். இறந்த தோலை அவர் நீக்கியபின், புண்ணின் அடியிலிருந்து செந்நிறப் புதுத்தசை நாளுக்குநாள் வளர்ந்தது. ஈ மொய்த்து முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடுமாதலால், பாட்டி கட்டு அவிழாமல் காத்தார். கட்டைக் கடித்திழுக்காதபடி மணியின் கழுத்தில் புனல் போன்றதொரு மறைப்பு மாட்டப்பட்டது. அதனை அணிந்து வாயிற்படியிலும் தூணிலும் முட்டிக்கொண்டு நடந்த மணியைக் கண்டு வீட்டில் முதன்முதலாகச் சிரிப்பொலி கேட்டது. ஐந்து வாரத்தில் புண் ஆறியது.

ஆறியது உடற்புண்ணே. மணி தெருவாயிற்படியைத் தாண்டவில்லை. தெருவில் எங்கேனும் இரும்புக்கதவு ஒலித்தால் கட்டிலின் அடியிற் புகுந்து நடுங்கியது. "இழுத்துக்கொண்டு போ, நாலு நாய்களுக்கு நடுவே நிறுத்து, தானே சரியாகிவிடும்" என்றார் சிறுவனின் மாமா. சிறுவன் அவ்வாறே இழுத்துச் சென்றான். மணி தரையோடு தரையாகப் படுத்துச் சிறுநீர் கழித்தது. அவன் தூக்க முயன்றபோது பல்லைக் காட்டி உறுமியது. அச்சத்தை அச்சத்தால் தீர்க்கும் வீரமருத்துவம் பிறருக்குச் சொல்ல எளிது.

மறுநாள் சிறுவன் மருத்துவரிடம் சென்று நடந்ததைக் கூறினான். அவர் ஒரு கயிற்றை எடுத்து அவன் கையிற் கொடுத்தார்.

"தம்பி, தெருவில் இன்னொரு நாய் வந்தால் இதை எப்படிப் பிடிப்பாய்? பிடித்துக் காட்டு."

சிறுவன் கயிற்றை இருமுறை கையிற் சுற்றி, மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்தான். அவன் விரல்கள் வெளுத்திருந்தன.

"நீ பயப்படுகிறாய், அந்தப் பயம் கயிற்றின் வழியே மணியின் கழுத்துக்குப் போகிறது" என்றார் மருத்துவர்.

அதுவரை எவரிடமும் சொல்லாததைச் சிறுவன் அப்போது சொன்னான். "டாக்டர் அம்மா, அன்றைக்குக் கயிற்றை அவிழ்த்துவிட்டது நான்தான்."

அவர் அவனைக் கடிந்துகொள்ளவுமில்லை. பரவாயில்லை என்று தேற்றவுமில்லை. "இனி அவிழ்க்காதே, இறுக்கவும் செய்யாதே" என்று கூறி, செய்யவேண்டிய முறையைக் கற்பித்தார். உருசிய நாட்டு அறிஞர் பாவ்லோவ், உணவிடுமுன் ஓர் ஒலியைப் பலநாள் கேட்பித்து, பின்னர் அவ்வொலி மட்டுமே நாயின் வாயில் நீரூறச் செய்தலைக் கண்டறிந்தார். ஒலியோடு உணவு பிணைந்தது போலவே மணிக்கு இரும்பொலியோடு நோவு பிணைந்துவிட்டது. அப்பிணைப்பை அறுத்தல் கடிது. அதே ஒலியோடு இன்பத்தைச் சிறிது சிறிதாகப் பிணைத்தல் கூடும்.

சிறுவன் வேகவைத்த முட்டையைச் சிறு துண்டுகளாக்கி, முதல் வாரம் வாயிற்படியில் அமர்ந்தான், மணி வந்தால் கொடுத்தான், வராவிடின் அழைக்கவில்லை. அடுத்த வாரம் திண்ணை. பின்னர், தெரு அடங்கியிருக்கும் விடியற்காலையில் பத்தடி நடை. தொலைவில் ஒரு நாய் தோன்றியவுடன், மணி அஞ்சத் தொடங்குமுன்னரே ஒரு துண்டைக் கொடுத்துத் திரும்பிவிடுவான். கயிறு தொய்ந்திருக்கிறதா என்பதையே நோக்கி நடந்தான். அதில் அவன் தன் அச்சத்தை மறந்தான் போலும். ஒருநாள் ஆட்டுக்குட்டி ஒன்று குறுக்கே ஓட, மணி மீண்டும் கட்டிலடியிற் புகுந்தது. மீண்டும் வாயிற்படியிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று. இவ்வாறு நான்கு மாதங்கள் கழிந்தன.

இன்றும் மணி ஆலைத் தெருவழியே செல்வதில்லை. ஆலைக்குரியவர் கதவுக்குப் புதிய தாழ் அமைத்துவிட்டார். ஆயினும் சிறுவன் அவ்வழியை வற்புறுத்துவதில்லை. வாய்க்காற்கரை வழியே சென்றால் ஆற்றுக்குச் சிறிது தொலைவு கூடும், அவ்வளவே. அங்கு நடக்கும்போதும் சில மாலைகளில் அவ்விரும்புக்கதவின் ஒலி காற்றில் வந்து கேட்கும். மணி நின்று, செவியை நிமிர்த்தி, சிறுவனை அண்ணாந்து பார்க்கும். கயிறு தொய்ந்தே கிடக்கும். சற்றுநேரத்தில் அது கரையிலுள்ள பனைமரத்தின் அடியை முகரத் தொடங்கும். முகர்ந்து முடியும்வரை சிறுவனும் நின்றுகொண்டிருப்பான்.