பல்லாங்குழியும் குண்டுமணியும்



சமய வகுப்புப் பிள்ளைகளுக்காக பிளாஸ்டிக் இல்லாமல் செய்த பல்லாங்குழி படத்தைப் பார்த்து எல்லாரும் வாழ்த்து சொன்னீங்க. நன்றி. படத்தில் தெரியாத ஒரு விஷயத்தையும் நாங்க சொல்லியாகணும்.

முதலில் முட்டை அட்டையில் செய்யலாம்னுதான் நினைச்சோம். கோவிலுக்குள்ள முட்டை அட்டையான்னு சமையல்கட்டு அக்கா ஒரு பார்வை பார்த்தாங்க. அதோட விட்டாச்சு. அப்புறம் ஆப்பிள் பெட்டிக்குள்ள வர்ற காகிதக்கூழ் தட்டு கிடைச்சது. வரிசைக்கு 7 குழியா இரண்டு வரிசை வெட்டி, மைதா பசை காய்ச்சி கனமான அட்டையில் ஒட்டினோம். மழை நேரம், காய 3 நாள் ஆச்சு. குழிக்கு 5 மணி, ஒரு பலகைக்கு 70. சொங்காக் தெரிந்த பிள்ளைகளுக்கு ஆட்டம் உடனே பிடிபட்டுச்சு. குழியில் 4 சேர்ந்தா "பசு, பசு"ன்னு கத்தி எடுக்குறாங்க. கணக்குன்னா ஓடுற பையன்கூட அடுத்தவன் குழியையும் சேர்த்து எண்ணுறான்.

மணிக்கு, "சாகா விதை கொண்டு வாங்க" என்று வாட்ஸ்அப்பில் போட்டோம். அங்கதான் தப்பு. மரத்தில் காய்ப்பதும் சாகாதான், கொடியில் காய்க்கும் குண்டுமணிக்கும் மலாய்க்காரர்கள் ஆக்கார் சாகான்னுதான் சொல்றாங்க. வந்த பைகளைப் பிரிச்சு ஒரே வாளியில் கொட்டி, 9 பலகைக்குப் பங்கு போட்டுட்டோம்.

விளையாடி ஒரு மணி நேரம் இருக்கும். பேரனைக் கூட்டிப்போக வந்த தோட்டத்துப் பாட்டி ஒருத்தர் குனிஞ்சு பார்த்தாங்க. "தம்பி, கறுப்புப் பொட்டு இருக்கு பாருங்க. பிள்ளையாருக்குக் கண்ணு வைக்கிற குண்டுமணி இது. விஷம். புள்ளைங்க கையில குடுக்கலாமா?"

கை கால் ஓடல. குண்டுமணி ஓடு உடைஞ்சாலோ, கடிச்சு மென்னாலோ உயிருக்கே ஆபத்து. பேக்டரியில் சரக்கு வந்தா, சோதிக்காம லைனுக்கு ஏத்தாதேன்னு தினமும் கத்துற சூப்பர்வைசர் நாங்க. கோவிலில் அதைச் செய்யல.

எல்லாத்தையும் வாங்கி எண்ணினோம். 630 இருக்கணும், 627தான் இருந்துச்சு. பாய்க்கு அடியில் 2 கிடைச்சது. மூணாவதுக்காக ராத்திரி ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டோம். பத்தரை மணிக்கு ஒரு அம்மா கூப்பிட்டாங்க, மகளோட பென்சில் டப்பாவில் இருக்காம். அழகா இருந்துச்சுன்னு எடுத்து வெச்சிருக்கா. நல்லவேளை, வாயில் வைக்கல. யாருக்கும் ஒன்றும் ஆகல.

அன்று தூங்காத பெற்றோர்கள் எங்களை மன்னிக்கணும்.

இனிமேல் அன்னதானச் சமையலில் மிஞ்சுற புளியங்கொட்டை மட்டும்தான், அதையும் கழுவிக் காயவெச்சுத் தருவோம். மூணு வயசுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு அதுவும் வேண்டாம், தொண்டையில் மாட்டிக்கும். யார் வீட்டிலாவது கறுப்புப் பொட்டு வெச்ச சிவப்பு மணி இருந்தா, பிள்ளைக்கு எட்டாத இடத்தில் வையுங்க. மணி மாலை கோக்கவும் கொடுக்காதீங்க, துளை போட்டா இன்னும் ஆபத்து.

ஆப்பிள் தட்டு இன்னும் 6 தேவை. ஞாயிறு காலை வரும்போது கொண்டு வாங்க.