சும்மா ஓடிக்கொண்டிருந்த கணக்கு

பெண்ணெழுத்து பற்றிய கருத்தரங்கில் பேசப் போனபோது, விடுதிக் காலத்துத் தோழியின் வீட்டில் தங்கினேன். வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவள். கணவரின் பணிமாற்றத்தோடு ஊர் மாறியதில் அவளுடைய கல்லூரி வேலை போயிற்று. காலையில் சேலைக்கு இஸ்திரி போடக் கூடத்தில் பிளக் தேடினேன். ஒரே ஒரு பிளக்கில் பழைய கணினி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. திரை கறுப்பாக இருந்தது. பிடுங்கிவிட்டேன்.

"முப்பத்தாறு மணி நேரமா ஓடிட்டு இருந்துச்சுடி."

"சும்மாதான் ஓடுதுன்னு நெனச்சேன்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எனக்கே உறைத்தது.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தோசை வார்த்தபடியே விளக்கினாள். சாதாரண ஒளியில் ஒரு மூலக்கூறு ஒரு ஃபோட்டானை உறிஞ்சி மேல்நிலைக்குப் போகும். வலிமையான லேசரில், பாதி ஆற்றலே உள்ள இரண்டு ஃபோட்டான்களை ஒரே நேரத்தில் உறிஞ்சவும் முடியும். ஒளியை இரு மடங்காக்கினால் இந்த உறிஞ்சல் நான்கு மடங்காகும். அதனால்தான் இது நேரியலற்ற பண்பு. உயிருள்ள திசுவின் ஆழத்தைப் பார்க்கும் நுண்ணோக்கிகள் இதைக் கொண்டு இயங்குகின்றன. எந்த மூலக்கூறு இதற்கு உதவும் என்பதைத் தயாரித்துப் பார்க்கும் முன்பே கணிக்கலாம். முதலில் அணுக்கள் குறைந்த ஆற்றலோடு அமையும் வடிவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு ஒளியின் மின்புலத்துக்கு எலக்ட்ரான்கள் எப்படி அசைகின்றன என்று கணக்கிட வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் டால்டன் மென்பொருளில் அதைத்தான் செய்கிறாள். கடைசியில் வரும் எண்ணை ஜிஎம் என்ற அலகுக்கு மாற்றுவாள்.

"ஜிஎம்னா?"

"ஒரு பொம்பளை பேரு."

மரியா கோப்பெர்ட் மேயர். இரண்டு ஃபோட்டான் உறிஞ்சல் சாத்தியம் என்று கோட்டிங்கனில் தன் முனைவர் ஆய்வில் கணித்தவர். 1931இல் அது விரிவாக அச்சானது. லேசர் வந்த பிறகு, 1961இல்தான் சோதனையில் உறுதியானது. இடைப்பட்ட காலத்தில் கணவருக்கு வேலை கிடைத்த பல்கலைக்கழகங்களில் அவர் பல ஆண்டுகள் சம்பளமில்லாமல் ஆய்வு செய்தார். முழுச் சம்பளப் பேராசிரியர் பதவி 1960இல் கிடைத்தபோது ஐம்பதைத் தாண்டியிருந்தார். அணுக்கரு அமைப்பு பற்றிய ஆய்வுக்காக 1963இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அந்த ஆய்வைச் செய்த காலத்திலும் பல்கலைக்கழகம் அவருக்குச் சம்பளம் தரவில்லை.

அன்று கருத்தரங்கில் சமையலறை உழைப்பைப் பற்றிப் பேசினேன். கைதட்டினார்கள். ஊதியமில்லாத சமையலை உழைப்பென்று சொல்லக் கற்றுக்கொண்டோம். ஊதியமில்லாமல் ஒருத்தி சிந்திப்பதை மட்டும் இன்னும் பொழுதுபோக்கு என்கிறோம். அவள் மாமியார் அப்படிச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். பிளக்கைப் பிடுங்கியது என் கை.

மாலையில் திரும்பினேன். கணினி மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கியிருந்தது. என் போனில் சார்ஜ் இல்லை. நான் பிளக் கேட்கவில்லை.