கடல் தாண்டி வரும் பருந்துகள்

போர்ட்டிக்சன் போகிறவர்கள் கடலில் குளித்து, கட்டுச்சோறு உண்டு, திரும்பிவிடுவது வழக்கம். பட்டணத்திலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தெற்கே தஞ்சோங் துவான் முனை இருக்கிறது. நெகிரி செம்பிலான் கரையில் இருந்தாலும் இது மலாக்காவுக்குச் சொந்தமான காடு. குன்றின் உச்சியில் 1863-இல் கட்டிய கலங்கரை விளக்கம் நிற்கிறது.

சென்ற மாசிக் கடைசியில், நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய என் அப்பாவையும் என் மகளையும் அங்கே அழைத்துப் போனேன்.

"தோட்டத்திலே பார்க்காத பருந்தா, தம்பி?" என்று சிரித்தார் அப்பா.

இவை வேறு பருந்துகள். தேன்பருந்து என்று பெயர். குளவி, தேனீக் கூடுகளைப் பிய்த்துப் புழுக்களைத் தின்பவை. ஜப்பான், சைபீரியா பக்கம் குளிர் தொடங்குமுன் தெற்கே வந்துவிடும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, கூடு கட்டுவதற்காகத் தாயகம் திரும்பும். சுமத்ராவை ஒட்டிய ரூப்பாட் தீவுக்கும் இந்த முனைக்கும் இடையே கடல் சுமார் 38 கிலோமீட்டர்தான். அதனால் இவ்வழியே கடக்கின்றன. வெயிலில் சூடேறித் தரையிலிருந்து எழும் காற்றில் மிதந்தே பழகிய பறவைக்குக் கடல்மேல் அந்தக் காற்று கிடைக்காது. சிறகடித்துத்தான் வரவேண்டும்.

பதினொரு மணிக்குமேல் ஐந்தும் பத்துமாக வந்தன. கரை சேர்ந்ததும் காட்டின்மேல் வட்டமிட்டு உயர்ந்து, புள்ளியாகி மறைந்தன. மகள் நாற்பத்திரண்டு எண்ணினாள்.

இரண்டு மணிக்கு மேற்கே வானம் இருண்டது. இடி முழங்கியது. பலர் இறங்கிவிட்டார்கள்.

"மழை பேஞ்சா நமக்கு வெட்டு இல்லே, இதுங்களுக்கும் பயணம் இல்லே. வா, போவோம்" என்றார் அப்பா.

"தாத்தா, அங்கே!" என்று கத்தினாள் மகள்.

அலைக்குச் சற்று மேலே ஒற்றைப் பருந்து. காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளியது. தாழ்ந்தது, மறுபடி எழுந்தது. அப்பா பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கரைக்கு வந்த அது வட்டமிடவில்லை. முதலில் கிடைத்த மரத்தில் விழுந்தாற்போல் உட்கார்ந்தது. மழை கொட்டியது. நாங்கள் நனைந்தபடி நின்றோம்.

"இந்த மரம் இல்லேன்னா எங்கே உட்கார்ந்திருக்கும்?" என்றார் அப்பா.

ஏறக்குறைய 200 ஏக்கர் காடுதான் இது. சுற்றிலும் தங்கும் விடுதிகள் எழுந்துவிட்டன. களைத்து வரும் விருந்தாளிக்கு அதுதான் திண்ணை.

அடுத்த மாசியில் பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். குடையும் குடிநீரும் மறவாதீர்கள். உணவுப் பொட்டலத்தை மட்டும் குரங்குகள் கண்ணில் காட்டாதீர்கள்!